1959-ல் கட்டிய ஃபோக்போட்: பலகை மாற்றுவதா, மேலே ஃபைபர் போர்த்துவதா?

மரத்தூள் (நவம்பர் 9)

வணக்கம். இங்கிலாந்தின் தென்கரையில் சவுத்தாம்ப்டன் பக்கம் இருக்கிறேன். போன மாதம் ஒரு பழைய பாய்ப்படகு வாங்கினேன். ஃபோக்போட் வகை, 1959-ல் டென்மார்க்கில் கட்டியது. 25 அடி நீளம், லார்ச் பலகை, ஓக் வங்குகள் (பலகையை உள்ளிருந்து தாங்கும், விலா எலும்பு மாதிரியான சட்டங்கள்), அடியில் ஒரு டன் வார்ப்பிரும்பு.

இந்தப் படகைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சாதாரணச் சம்பளக்காரரும் வாங்கி, குடும்பத்தோடு கடலுக்குப் போகக்கூடிய படகு வேண்டும் என்று 1941-ல் ஸ்காண்டினேவியப் பாய்ப்படகுச் சங்கங்கள் ஒரு போட்டி வைத்தன. வந்த வரைபடங்களில் எதுவும் முழுதாக வெல்லவில்லை. நல்ல அம்சங்களை மட்டும் பொறுக்கியெடுத்து டோர்ட் சுண்டேன் என்ற ஸ்வீடன்காரர் ஒரே வரைபடமாக்கினார். 1942-ல் முதல் படகு தண்ணீரில் இறங்கியது. இதன் பலகைகள் விளிம்போடு விளிம்பு முட்டி நிற்பதில்லை. ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்காரும். ஏறிய இடத்தில் செம்பு ஆணி.

என் படகு எட்டு வருடம் மூடாமல் வெளியே கிடந்தது. மேல்தளத்தின் ஓரம் வழியாக மழைத்தண்ணீர் இறங்கியிருக்கிறது. உள்ளே தரைப்பலகையைத் தூக்கிப் பார்த்தால் 11 வங்குகளில் விரிசல். எல்லாமே படகின் வயிறு வளைந்து திரும்புகிற அதே இடத்தில். ஏராவை, அதாவது படகின் அடியில் முதுகெலும்பு மாதிரி ஓடும் மரத்தை, ஒட்டிய முதல் பலகையில், இடது பக்கம், ஊசி வைத்தால் வெண்ணெயில் இறங்குவது போல இறங்குகிறது.

பார்க்க வந்த ஒரு பழுதுபார்ப்பவர், வெளிப்பக்கம் முழுக்க கண்ணாடி நார்த்துணி (ஃபைபர்) வைத்து எப்பாக்சிப் பிசின் பூசிவிடலாம், இரண்டு வாரத்தில் முடித்துத் தருகிறேன், இனி ஒரு சொட்டு உள்ளே வராது என்கிறார். சரி என்று சொல்லிவிடலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கச்சான் (நவம்பர் 9)

தம்பி, அவசரப்பட்டுச் சம்மதம் சொல்லிவிடாதீர்கள். நான் டென்மார்க்கில் 22 வருடமாக மரப்படகு வேலை செய்கிறேன். உங்கள் படகின் கூடப்பிறந்தவை பல என் கைவழி வந்திருக்கின்றன. அப்படி ஃபைபர் போர்த்த மூன்று படகுகளை உரித்தும் பார்த்திருக்கிறேன்.

மரம் தண்ணீர் குடித்தால் அகலும், காய்ந்தால் சுருங்கும். எப்பாக்சி இரண்டும் செய்யாது. ஒட்டுப்பலகையையோ மெல்லிய மரச்சீவல்களையோ அடுக்கடுக்காக ஒட்டிக் கட்டிய படகு என்றால் போர்த்தலாம், அது அசையாது. உங்களுடையதில் ஒவ்வொரு பலகை விளிம்பும் ஒரு படி. துணி அந்த மூலையில் மடிந்து படியாது, உள்ளே காற்று நிற்கும். இரண்டு கோடைக்குள் அங்கே மயிரிழை போல ஒரு வெடிப்பு வரும். உள்ளே போன தண்ணீர் பிறகு வெளியே வராது. நான் உரித்த மூன்றிலும் துணிக்குப் பின்னால் இருந்தது பலகை இல்லை, ஈரப் புகையிலை. புரையோடிய புண்ணைக் கழுவாமல் கட்டுப் போடுகிற வேலை அது.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். மரப்படகைத் தின்பது மழைத்தண்ணீர். உப்பு எப்படிக் கருவாட்டைக் காக்கிறதோ அப்படி மரத்தையும் காக்கும். அமெரிக்காவின் நியூ இங்கிலாந்தில் பெரிய மரக்கப்பல் கட்டும்போது வங்குகளுக்கு இடையே உப்பைக் கொட்டி நிரப்புவார்கள். நீங்கள் முதலில் செய்ய வேண்டியது மேலே ஒரு நல்ல கூரை போடுவது. காற்று உள்ளே நுழைந்து வெளியேற வழி இருக்கட்டும், இறுக்கி மூட வேண்டாம்.

கூரை போட்ட பிறகும் எதையும் கழற்றாதீர்கள். சுத்தியலின் மரப்பிடியால் ஒவ்வொரு சாணாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல மரம் கணீரென்று பதில் சொல்லும், கெட்டது பொத்தென்று விழுங்கும். சுண்ணக்கட்டியால் குறித்து வந்து இங்கே எழுதுங்கள்.

மரத்தூள் (நவம்பர் 23)

கச்சான் அண்ணா, தட்டிப் பார்த்துவிட்டேன். நினைத்ததைவிடப் பரவாயில்லை. தண்ணீர்க்கோட்டுக்கு மேலே எல்லாம் கணீர்தான். ஏராவை ஒட்டிய பலகை இரண்டு பக்கமும் போய்விட்டது. இடது பக்கம் மூன்றாவது பலகையில் ஒரு முழ நீளம் கெட்டிருக்கிறது. பின்பக்கப் பலகையின் கீழ்மூலை சந்தேகம். வங்குகளை மறுபடி எண்ணினேன், 14.

பழுதுபார்ப்பவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நீலவானம் (நவம்பர் 24)

சென்னையிலிருந்து படிக்கிறேன். கடலில் ஓட்டிய அனுபவம் இல்லை, ஆனால் இந்த விஷயத்தில் நிறையப் படித்திருக்கிறேன். ஃபைபரை இவ்வளவு சுலபமாக ஒதுக்க முடியுமா?

எரிக் தபர்லி என்ற பிரெஞ்சு மாலுமியின் பென் டுயிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்தின் வில்லியம் ஃபைஃப் வரைந்து, 1898-ல் அயர்லாந்தின் கார்க் பக்கம் கட்டிய படகு. தபர்லியின் அப்பா 1938-ல் வாங்கினார். மகன் கைக்கு வந்தபோது உடல் முழுக்க மக்கல். மரம் மாற்றப் பணம் இல்லை. 1958-ல் அந்தப் பழைய உடலையே அச்சாக வைத்து, அதன் மேல் பாலியஸ்டரும் கண்ணாடி நாரும் அடுக்கடுக்காகப் போட்டு ஒரு புது உடல் எடுத்தார். அது இன்றும் மிதக்கிறது. 1998-ல் நூறாவது வயதைக் கொண்டாட ஃபைஃபின் ஊருக்கு அதை ஓட்டிப் போகும் வழியில்தான், வேல்ஸ் கரைக்கு அப்பால் இரவில் கடலில் விழுந்து தபர்லி இறந்துபோனார். ஃபைபர் இல்லாவிட்டால் அந்தப் படகே இல்லை. அதைப் பென் டுயிக் இல்லை என்று யாராவது சொல்வார்களா?

கச்சான் (நவம்பர் 24)

நல்ல உதாரணம். ஆனால் தபர்லி மக்கிய மரத்தைப் போர்த்தி மறைக்கவில்லை. வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, தன் காலிலேயே நிற்கக்கூடிய தடித்த புது உடல் செய்தார். அழுகலை உள்ளே வைத்து மேலே மெல்லிய துணி ஒட்டுவதோடு அதைச் சேர்க்க முடியாது. தபர்லி எடுத்த முடிவு பெரியது, அதன் விளைவும் அவருக்குத் தெரிந்திருந்தது. தம்பியின் படகுக்கு அந்த நிலை வரவில்லை. முக்கால்வாசிப் பலகை நன்றாக இருக்கிறதே.

தச்சன்மகள் (நவம்பர் 26)

லண்டனில் பழைய மரப்பொருட்களைப் பாதுகாக்கும் வேலையில் இருக்கிறேன். எனக்கு நீங்கள் இருவர் சொல்வதும் முழுதாகச் சம்மதம் இல்லை.

முதலில் கேட்க வேண்டியது, எவ்வளவு குறைவாக மாற்றினால் போதும் என்பதுதான். மூன்றாவது பலகையில் ஒரு முழம்தான் கெட்டது என்றால் முழுப் பலகையை ஏன் எடுக்க வேண்டும்? கெட்ட துண்டை மட்டும் வெட்டி, இரண்டு முனையையும் நீளமாகச் சீவிச் சரிவாக்கி, புதுத் துண்டைச் சேர்க்கலாம். பலகையின் தடிமன் ஒன்று என்றால் சரிவின் நீளம் எட்டுக்குக் குறையக் கூடாது. 1959-ல் அந்தத் தச்சர் இழைப்புளி போட்ட தடம் மீதிப் பலகையில் இருக்கும். எடுத்தெறிந்தால் அது திரும்ப வராது.

ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில் எச்.எம்.எஸ். டிரிங்கமலி என்ற பழைய போர்க்கப்பல் நிற்கிறது. நம் திருகோணமலையின் பெயர்தான். 1817-ல் பம்பாயில் மலபார்த் தேக்கில் கட்டியது. 1990-ல் தொடங்கிப் பத்து வருடத்துக்கு மேல் அதைச் சீர்செய்தார்கள். பாதிக்கு மேல் பழைய தேக்குதான் இன்றும் நிற்கிறது. அதன் உள்ளே போய் ஒரு வங்கின் மேல் கை வைத்து நின்றபோது, இருநூறு வருடத்துக்கு முன் ரம்பம் போன கோடு விரலுக்குத் தட்டுப்பட்டது. புது மரத்தில் அந்தக் கோட்டைக் கொண்டுவர யாராலும் முடியாது.

மரத்தூள், எதையும் தொடுவதற்கு முன் படம் எடுங்கள், அளவெடுங்கள், எந்த ஆணி எங்கே இருந்தது என்று எழுதி வையுங்கள். பிரிட்டனின் வரலாற்றுக் கப்பல் பதிவேட்டுக்கு 33 அடியாவது வேண்டும், உங்கள் படகு சேராது. ஆனாலும் அந்த ஒழுங்கைக் கடைப்பிடிக்கலாமே.

நீலவானம் (நவம்பர் 26)

அப்படியானால் டாலி ஹோ என்ற பழைய பாய்ப்படகு? அதில் பழைய மரம் என்று சொல்லும்படி ஏதாவது மிஞ்சியதா?

மரத்தூள் (நவம்பர் 27)

நான் இந்த வேலைக்குள் வந்ததே டாலி ஹோவால்தான், அதனால் நானே சொல்கிறேன். ஆல்பர்ட் ஸ்ட்ரேஞ்ச் வரைந்து 1910-ல் ஷோரம் ஊரில் கட்டியது, நான் இருக்கும் இடத்திலிருந்து காரில் ஒன்றரை மணி நேரத்துக்குள்தான். 1927 ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில் 15 படகுகள் புறப்பட்டு, புயலில் இரண்டே இரண்டுதான் முடித்தன. லா கொலேட்டா முதலில் கோட்டைத் தொட்டது, படகின் அளவுக்கேற்ற நேரக் கணக்குப்படி டாலி ஹோ வென்றது. அப்புறம் கைமாறிக் கைமாறி, குக் தீவுகளில் பவளப்பாறையில் ஏறி, மீன்பிடிப் படகாக உழைத்து, கடைசியில் அமெரிக்காவின் ஓரிகன் கரையில் அனாதையாகக் கிடந்தது. 2017-ல் லியோ கூல்டன் என்ற இளம் படகுத் தச்சர் வாங்கினார். வாஷிங்டன் மாநிலத்துக்குக் கொண்டுபோய்க் கிட்டத்தட்ட ஏழு வருடம் உழைத்து 2024-ல் தண்ணீரில் இறக்கினார். ஏரா, வங்கு, பலகை எல்லாம் புது மரம்.

தச்சன்மகள் அக்கா, உங்கள் கணக்கில் அது நகலாகிவிடுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. பழைய வங்கு நிற்கும்போதே அதன் பக்கத்தில் வைத்துத்தான் புது வங்கு பிறந்தது. ஒரு நாள்கூட அந்தப் படகு வரைபடமாக மட்டும் இருக்கவில்லை.

தச்சன்மகள் (நவம்பர் 27)

நகல் என்று சொல்ல மாட்டேன், மறுகட்டுமானம் என்பேன். அந்த வேலையின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு, வேறு வழியும் அதற்கு இல்லை. என் பயம் வேறு. அதைப் பார்த்துவிட்டு, காப்பாற்றக்கூடிய மரத்தையும் சேர்த்து எடுத்தெறிகிறவர்கள் இருக்கிறார்கள்.

வல்வைப்பேரன் (டிசம்பர் 2)

இந்தப் பேச்சைப் படித்ததும் சும்மா இருக்க முடியவில்லை. எங்கள் ஊர் வல்வெட்டித்துறை. அங்கே கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன் என்று பெயர் மாற்றினார். உலகைச் சிறு பாய்ப்படகில் சுற்றிவந்தவர் அவர், கப்பலைப் பார்த்து மதிப்பிடத் தெரிந்தவர். எங்கள் ஊர் மாலுமிகள் அதை அட்லாண்டிக் தாண்டி ஓட்டி, 1938-ல் மாசச்சூசெட்ஸின் குளொஸ்டர் துறைமுகத்தில் கொண்டுபோய் விட்டார்கள். பாயும் தமிழ் ஆட்களும்.

என் தாத்தா கலப்பற்று வேலை செய்தவர். பலகைகளுக்கு இடையே உள்ள இடுக்கில் பஞ்சுத்திரியை உளியால் அடித்து இறக்கி, மேலே குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசுவார்கள். அவர் வேலை செய்யும்போது கண்ணை மூடிக்கொள்வார் என்று அம்மா சொல்வார். திரி இறுகிவிட்டதா என்று கண்ணுக்குத் தெரியாது, கொட்டாப்புளியின் சத்தம் மாறுவதை வைத்துத்தான் தெரியுமாம். கூட அடித்தால் பலகை விலகும், குறைந்தால் ஒழுகும். எங்கள் வீட்டில் அவருடைய உளி ஒன்று இருக்கிறது. அதை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று தெரிந்தவர் வீட்டில் யாரும் இல்லை.

மரம் பழசா புதுசா என்று பேசுகிறீர்கள். கட்டத் தெரிந்த கை இருந்தால் மரத்தை மாற்றிக்கொள்ளலாம். கை போய்விட்டால் பழைய மரத்தை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? மரத்தூள் தம்பி, உங்கள் படகில் எங்கே திரி அடிக்கிறீர்கள் என்று எழுதுங்கள், ஆசையாக இருக்கிறது.

மரத்தூள் (டிசம்பர் 3)

அண்ணா, உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். பலகை ஏறி உட்காரும் படகில் கலப்பற்று கிடையாது. மரம் ஊறி மரத்தை நெருக்குவதுதான் அடைப்பு. திரி அடித்தால் பலகையைப் பிரித்துவிடும். பக்கத்தில் ஒரு பழைய படகுக்கு வசந்தத்தில் பஞ்சு அடிக்கப் போகிறார்கள். உதவிக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். சத்தம் மாறுவதைக் காது கொடுத்துக் கேட்டு எழுதுகிறேன்.

கச்சான் (டிசம்பர் 3)

வல்வைப்பேரன், அந்த உளியின் முனையைப் படம் எடுத்துப் போடுங்கள். இங்கேயும் அதே உளிதான். போர்த்துக்கேயர் சொல்லான கலஃபாத்தேதான் தமிழில் கலப்பற்று ஆனது என்றும் சொல்கிறார்கள்.

மரத்தூள் (பிப்ரவரி 16)

நேற்று வங்கு வளைத்தோம். முழுசாக எழுதிவிடுகிறேன், பிறகு செய்பவர்களுக்கு உதவும்.

முதல் முயற்சி ஜனவரியில் தோற்றது. மரக்கடையில் சூளையில் காயவைத்த ஓக் வாங்கி வந்தேன். ஐந்து வைத்து நான்கு உடைந்தன. கச்சான் அண்ணா சொன்னபடி, புதிதாக வெட்டிய ஈர ஓக் தேடிப் பிடித்தேன். நார் முனையிலிருந்து முனைவரை நேராக ஓடுகிற துண்டுகளை மட்டும் பொறுக்கினேன். நார் பக்கவாட்டில் சாய்ந்து வெளியே போகிற இடத்தில்தான் உடையும்.

ஆவிப்பெட்டி என்பது ஆறடி நீள ஒட்டுப்பலகைப் பெட்டி, அவ்வளவுதான். சுவர்க்காகிதம் உரிக்கும் ஆவி இயந்திரம் இரண்டை ஆளுக்கொரு முனையில் சொருகினோம். ஓர் அங்குலத் தடிமனுக்கு ஒரு மணி நேரம் என்பது கணக்கு. பெட்டியிலிருந்து வெளியே எடுத்தால் முப்பது விநாடிதான் உங்கள் கையில். அதற்குள் அது ஈரச்சாக்கு மாதிரி வளையும், அப்புறம் இரும்பு.

நான் படகுக்குள் மண்டியிட்டு நின்றேன். மனைவி பெட்டியைத் திறந்து கொடுத்தாள், நண்பர் வெளியே ஆணியோடு நின்றார். வங்கின் கீழ்முனையை ஏராப் பக்கம் பதித்து, முழங்காலால் வளைவில் அழுத்திக்கொண்டே மேல்முனையை என் பக்கம் இழுத்து, கொஞ்சம் அதிகமாகவே வளைத்துவிட்டுத் திரும்ப விட்டேன். அது பலகை பலகையாகப் போய் உட்கார்ந்தது. கையுறைக்குள் சூடு ஏறியது. படகு முழுக்க வேகவைத்த ஓக்கின் புளித்த வாசனை. வெளியிலிருந்து செம்பு ஆணி உள்ளே வந்ததும், அதன் மேல் சிறு செம்பு வில்லையைத் தட்டி இறக்கி, மிச்ச ஆணியை வெட்டி, சின்னச் சுத்தியலால் முனையைச் சுற்றிச் சுற்றித் தட்டிக் குமிழாக்கினோம். பலமாக ஒரே அடி அடித்தால் ஆணி உள்ளே மடங்கிவிடும். மெதுவாக இருபது முப்பது தட்டு.

17 ஆவியில் வைத்தோம், 14 போய் உட்கார்ந்தன. படகின் வடிவம் கலையாமல் இருக்க வெளியே ஆறு இடத்தில் மர அச்சு வைத்துத் தாங்கியிருந்தோம். மூன்றில் ஒரு வங்காக எடுத்து மாற்றினோம், வரிசையாக எடுக்கவில்லை. பழைய 14 வங்குகளையும் எண் எழுதிக் கொட்டகையில் அடுக்கியிருக்கிறேன், தச்சன்மகள் அக்காவுக்காக. மூன்றாவது பலகைக்கு நீங்கள் சொன்ன சரிவு இணைப்புதான் போட்டேன். அடியில் உள்ள இரண்டு மட்டும் முழுப் பலகை, லார்ச்.

தச்சன்மகள் (பிப்ரவரி 16)

படித்து முடித்ததும் எழுந்து ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தேன். மிக்க மகிழ்ச்சி.

சுக்கான் (மார்ச் 1)

இவ்வளவு பேசினீர்கள், இரும்பு அடிப்பாரத்தைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை யாரும் கேட்கவில்லையே. ஒன்றையாவது உருவிப் பாருங்கள். என்னுடையதில் மேல்தலையும் மரையும் புதுசு போல மின்னின. உருவினால், மரமும் இரும்பும் சேரும் இடத்தில் பென்சில் தடிமன்தான் மிச்சம். ஒரு டன் எடை அதில் தொங்கிக்கொண்டிருந்தது.

மற்ற உலோகம் அரிக்காமல் தான் முதலில் அரிபட்டுக் காக்கும் துத்தநாகக் கட்டிகளையும் அளவாகப் போடுங்கள். அரிப்புக்கு நல்லது என்று எல்லா இடத்திலும் கம்பி இழுத்துக் கட்டிவிட்டால், காப்பாற்றப்படும் உலோகத்தைச் சுற்றிக் காரம் சேர்ந்து மரத்தைக் கூழாக்கும். வெள்ளையாகப் பூத்த உப்பு மாதிரி தெரிந்தால் அதுதான்.

மரத்தூள் (மார்ச் 15)

சுக்கான் அண்ணா, காலில் விழ வேண்டும் போலிருக்கிறது. மூன்று உருவினேன், இரண்டு தேய்ந்திருந்தன. எல்லாவற்றையும் மாற்றுகிறேன்.

மரத்தூள் (மே 18)

வியாழக்கிழமை தண்ணீரில் இறக்கினோம். ஒரு வாரம் முன்பிருந்தே ஈரச்சாக்கு போர்த்தி, கடல்தண்ணீர் ஊற்றி நனைத்துவந்தேன். ஆனாலும் எட்டு வருடம் காய்ந்த மரம். தூக்கியின் பட்டையை அவிழ்க்காமல் இரவு முழுவதும் தொங்கலிலேயே விட்டார்கள். பலகை இடுக்கெல்லாம் கண்ணீர் மாதிரி வழிந்தது. முதல் இரவு ஒவ்வொரு மணி நேரமும் பம்ப். கச்சான் அண்ணாவுக்கு நள்ளிரவில் செய்தி அனுப்பினேன், "பொறுங்கள், மரத்துக்கு நேரம் கொடுங்கள்" என்று பதில் வந்தது. வெள்ளி இரவு மூன்று மணிக்கு ஒரு முறை. நேற்றுக் காலை ஒரு தடவை. இன்று காலை தரைப்பலகையைத் தூக்கினேன். ஏராவின் மேல் விரலால் தடவினேன். ஈரம் இருந்தது, தண்ணீர் இல்லை.

வல்வைப்பேரன் அண்ணா, பக்கத்துப் படகில் பஞ்சு அடித்தேன். முதலில் தொப்பு தொப்பென்று கேட்டது. திரி இறுகியதும் கொட்டாப்புளி மணி மாதிரி ஒலித்தது. என்னை அறியாமல் நானும் கண்ணை மூடிக்கொண்டேன்.

வல்வைப்பேரன் (மே 18)

அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அந்த உளியை உங்களுக்கு அனுப்பச் சொல்கிறார். முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.

மரத்தூள் (மே 18)

அனுப்புகிறேன் அண்ணா. என்ன சொல்வதென்று தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை பாய்மரம் நடுகிறோம். அடியில் ஒரு காசு வைப்பது வழக்கம் என்கிறார்கள். கச்சான் அண்ணா, டென்மார்க் காசு ஒன்று கிடைக்குமா?

கச்சான் (மே 19)

ஐம்பதுகளில் அடித்த ஒரு குரோன் காசு. நேற்றே தபாலில் போட்டுவிட்டேன்.